எந்த நாட்டில் செய்த லென்ஸ்?



கண்டிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுத்துக் கொடுப்பது அவரது தொழில். கணவரின் வருமானம் மட்டுப்பட்டது. இரண்டு வருடமாகப் பிள்ளைகளின் டியூஷன் காசை இந்தக் கமராதான் கட்டி வருகிறதாம். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கொழும்புக்குப் போயிருக்கிறார். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்திலும் படம் எடுக்கக் கூடிய லென்ஸ் ஒன்று வேண்டும். பாவித்த கமராச் சாமான் விற்கும் ஒரு கடையில் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார்களாம். இரண்டுமே நிக்கோனின் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 டி லென்ஸ்கள். ஒன்றில் ஜப்பானில் செய்யப்பட்டது என்றும் மற்றதில் சீனாவில் செய்யப்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. ஜப்பான் லென்ஸுக்கு 12,000 ரூபாய் அதிகம். "ஜப்பான் சாமான் என்றால் ஜப்பான் சாமான்தான் தங்கச்சி" என்பது கடைக்காரரின் தீர்ப்பு.

"மௌலவி, இது மார்க்கக் கேள்வியல்ல என்பது தெரியும். ஆனால் 12,000 ரூபாய் எனக்குச் சின்னக் காசல்ல. அந்த நாட்டின் பெயருக்கு அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்.

படம் எடுக்கும் கலையில் எனக்குத் தேர்ச்சி கிடையாது. மாணவர்களுக்கு இப்னுல் ஹைதமைப் பற்றிப் பாடம் சொல்லப் போய், ஒளியியல் நூல்களின் பக்கம் இழுபட்டவன் நான். (கமரா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று நம்மவர் சிலர் பெருமையாக எழுதுவதுண்டு. அது சரியல்ல. அது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். இருட்டறையில் சிறு துவாரம் வழியே நுழையும் ஒளியை கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆராய்ந்தது மெய். அதற்கு இல்லாத பெருமையைக் கூட்டத் தேவையில்லை.) அந்த வாசிப்பில் அறிந்ததை வைத்து இந்தச் சகோதரிக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. ஜித்தாவிலிருந்தோ டோஹாவிலிருந்தோ மகன் கமரா கொண்டு வந்தால், பெட்டியைத் திறந்ததும் நம் வீடுகளில் முதலில் திருப்பிப் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தானே!

சாமானின் மேல் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவிய கதையே சுவையானது. 1887 இல் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டு வந்தது. பிரித்தானியச் சரக்கின் பெயரையும் முத்திரையையும் போட்டு வந்து இறங்கிய வெளிநாட்டுச் சரக்கில், அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகளைப் போலவே செய்து மலிவாக விற்ற ஜேர்மன்காரர்கள்தாம் முக்கிய குறி. ஜேர்மனியின் பெயரைக் கண்டால் ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்று எண்ணினார்கள். நடந்தது என்ன? சில வருடங்களிலேயே அந்தப் பெயரைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள்!

லென்ஸைப் பொறுத்தவரை அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடிய ஊர் யேனா. 1846 இல் கார்ல் ஸைஸ் என்பவர் அங்கே ஒரு சிறிய பட்டறையைத் திறந்தார். அக்காலத்தில் லென்ஸ் செய்வது கைப்பழக்கம். கண்ணாடியைத் தேய்ப்பார்கள், சேர்த்துப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் வேறொன்றைத் தேய்ப்பார்கள். 1866 இல் எர்ன்ஸ்ட் அபே என்ற கணித அறிஞர் ஸைஸோடு சேர்ந்தார். தேய்ப்பதற்கு முன்னரே கணக்குப் போட்டுத் தீர்மானிக்கும் முறையை அவர் கொண்டு வந்தார். கணக்குச் சரியாக வந்தது. அந்தக் கணக்குக்கு ஏற்ற கண்ணாடிதான் உலகில் எங்கும் இல்லை. அப்போது ஓட்டோ ஷொட் என்ற இரசாயன அறிஞர் யேனாவுக்கு வந்தார். 1884 இல் அங்கே கண்ணாடி உருக்கும் தொழிற்சாலை எழுந்தது. அதுவரை இங்கிலாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் கண்ணாடி வாங்கியவர்கள், தமக்கு வேண்டிய குணமுள்ள கண்ணாடியைத் தாமே உருக்கினார்கள். 1902 இல் அங்கிருந்து வந்த டெஸார் என்ற லென்ஸ், எத்தனையோ கம்பனிகளின் கமராக்களில் பல தசாப்தங்கள் இடம்பிடித்தது.

கணிதக்காரர், கண்ணாடி உருக்குபவர், தேய்க்கும் கைகாரர் மூவரும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். அக்காலத்தில் யேனாவில் செய்தது என்றால் அந்த வார்த்தைக்கு உண்மையான பொருள் இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. ஆனால் உடன்படிக்கைப்படி அந்தப் பிரதேசம் சோவியத் யூனியனுக்குப் போக வேண்டும். அமெரிக்கர்கள் வெளியேறும்போது ஸைஸின் முக்கிய நிபுணர்களைத் தம்மோடு மேற்கே கொண்டு சென்றார்கள். அவர்கள் ஓபர்கொஹென் என்ற சிற்றூரில் புதிய ஸைஸை அமைத்தார்கள். யேனாவுக்கு வந்த சோவியத்காரர்கள் இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றினார்கள். 1946 ஒக்டோபரில் எஞ்சிய நிபுணர்களிலும் பலரைக் கொண்டு போனார்கள். ஆக, ஒரே ஊரின் கலை மூன்றாகப் பிரிந்தது. ஸொனார் என்ற புகழ்பெற்ற லென்ஸ் ஓபர்கொஹெனிலும் வந்தது, யேனாவிலும் வந்தது, மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்க்கில் ஜூப்பிட்டர் என்ற பெயரிலும் வந்தது. ஸைஸ் என்ற பெயருக்காக இரண்டு ஜேர்மனிகளும் நீதிமன்றப் படிகள் ஏறின. அதன் விளைவாக, மேற்கு நாடுகளில் விற்கப்பட்ட கிழக்கு ஜேர்மன் லென்ஸ்களில் டெஸார் என்று முழுப்பெயர் எழுதாமல் 'டி' என்ற ஓர் எழுத்தை மட்டும் பொறித்தார்கள். பெயரின் விலையைப் பாருங்கள்!

ஜூப்பிட்டரின் கதியை மட்டும் சற்றுக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஜேர்மன் கண்ணாடியே கையில் இருந்தது. அது தீர்ந்து, சொந்தக் கண்ணாடியில் செய்ய வேண்டி வந்தபோது கணக்கையே திருத்த வேண்டியிருந்தது. பிறகு வேறு தொழிற்சாலைகளுக்கும் வேலை பிரிந்தது. இன்றும் இவற்றைச் சேகரிப்பவர்கள், ஒரு ஜூப்பிட்டர் அற்புதமாகவும் அடுத்தது சுமாராகவும் இருக்கும் என்பார்கள். ஆகவே இடம் மாறினால் தரமும் மாறும் என்பது வெறும் கற்பனையல்ல. கண்ணாடி மாறி, பரிசோதிக்கும் கண்டிப்பும் தளர்ந்தால் தரம் தளரத்தான் செய்யும்.

ஆனால் இதே கலை வேறு வழியாக ஜப்பானுக்கும் போனது. இன்று நிக்கோன் என்று நாம் அறியும் கம்பனி 1917 இல் தொடங்கியது. 1921 இல் 8 ஜேர்மன் நிபுணர்களை அழைத்து வந்து வேலை கற்றார்கள். இருந்தும் யுத்தத்திற்குப் பின்னர் ஜப்பான் பெயர் பொறித்த சாமான் என்றால் விளையாட்டுப் பொருள் என்ற எண்ணமே உலகில் இருந்தது. 1950 இல் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர், ஒரு ஜப்பானிய நண்பர் நிக்கோன் லென்ஸால் எடுத்த படத்தைக் கண்டு அசந்து போனார். நேரே தொழிற்சாலைக்குச் சென்று சோதித்துப் பார்த்தார். கொரிய யுத்தத்தைத் தன் ஜேர்மன் லைக்கா கமராவில் ஜப்பானிய லென்ஸைப் பொருத்தியே எடுத்தார். அந்த வருடம் டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியது. அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

ஜப்பானியர் அந்தப் பெயரைக் காத்த விதத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். 1954 இல் கமராக்களைப் பரிசோதிப்பதற்கென்றே ஒரு நிறுவனத்தை அமைத்தார்கள். ஏற்றுமதியாகும் கமராவும் லென்ஸும் அந்தச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. வாப்பாமார் காலத்து யஷிக்கா கமரா ஏதும் உங்கள் அலுமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முட்டை வடிவில் சிறிய தங்க நிறத் தாளொன்று ஒட்டியிருக்கக் கூடும். தேறியது என்பதற்கான அத்தாட்சி அது. இன்று நமது கடைக்காரர் 12,000 ரூபாய் கேட்கும் பெயர், அந்தத் தங்கத் தாளால் சம்பாதித்த பெயர்.

1970களில் ஸைஸே ஜப்பானைத் தேடி வந்தது. யஷிக்காவோடு உடன்பட்டு கொன்டாக்ஸ் கமராக்களுக்கு லென்ஸ் செய்தார்கள். பிளானார் 85 மில்லிமீற்றர் லென்ஸ் மேற்கு ஜேர்மனியிலும் செய்யப்பட்டது, ஜப்பானிலும் செய்யப்பட்டது. கணக்கு ஒன்றே, மேற்பார்வையும் ஸைஸுடையதே. ஆனால் பாவித்த சாமான் சந்தையில் இன்றும் ஜேர்மனிக்கு 'ஜி', ஜப்பானுக்கு 'ஜே' என்று எழுத்து வைத்தே விலை பேசுகிறார்கள். லைக்கா லென்ஸ்களுக்கும் இதே கதிதான். ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பனி 1952 இல் கனடாவின் மிட்லண்ட் என்ற ஊரில் கிளை திறந்தது. கனடாவின் பெயரைக் கண்டால் முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் வெட்ஸ்லாரிலிருந்து அங்கே போன வால்டர் மன்ட்லர் என்ற நிபுணர்தான் அக்கம்பனியின் மிகச் சிறந்த லென்ஸ்கள் பலவற்றை வடிவமைத்தவர். கலையைச் சுமந்து வந்தவர் அவர். ஊரின் மண் அவரோடு கப்பலேறவில்லை.

சரி, லென்ஸுக்குள் என்னதான் நடக்கிறது? சகோதரி கேட்ட அந்தச் சிறிய 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குள் 6 கண்ணாடி வில்லைகள் இருக்கின்றன. கண்ணாடியை உருக்கி, அவசரப்படாமல் மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிட்டால் ஒளி கோணலாகப் போகும். பிறகு வில்லையைத் தேய்த்து, மெருகேற்றி, மெல்லிய பூச்சுப் பூசி, குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். தஸ்பீஹ் மணிகளின் துவாரங்கள் ஒரே நூலில் நேராக வருவது போல, எல்லா வில்லைகளின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்கு ஒரு வில்லை விலகினாலும் போதும். படத்தின் ஒரு மூலை தெளிவாகவும் எதிர் மூலை கலங்கியும் விழும். மணமகளின் முகம் துல்லியமாக இருக்க, ஓரத்தில் நிற்கும் உம்மாவின் முகம் புகை படிந்தது போலாகும்.

இந்த வேலைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பது இப்போது அருமை. கண்ணாடி ஒரு நாட்டில், வில்லை இன்னொரு நாட்டில், பூட்டுவது வேறொரு நாட்டில் என்றும் நடக்கிறது. கடைசியாகக் கணிசமான வேலை எங்கே நடந்ததோ அந்த நாட்டின் பெயரையே பொதுவாகச் சுங்கச் சட்டங்கள் கேட்கின்றன. ஆகவே லென்ஸில் நாம் வாசிக்கும் நாட்டின் பெயர், அதன் வரலாற்றில் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு மட்டுமே.

அப்படியானால் ஜப்பான் லென்ஸ்தான் உயர்ந்தது என்று அனுபவசாலிகளும் சொல்வது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய கம்பனிகள் விலை கூடிய வரிசையைப் பெரும்பாலும் தாய்நாட்டிலேயே வைத்துக்கொண்டு, மலிவான வரிசையை வெளியே அனுப்பின. கெனன் கம்பனி தன் உயர்ந்த வரிசையை ஜப்பானின் உத்ஸுனோமியா நகரில் செய்கிறது. பிளாஸ்டிக் உடம்புள்ள அதன் மலிவான 50 மில்லிமீற்றர் லென்ஸோ மலேசியாவில் செய்யப்பட்டது. இரண்டையும் கையில் எடுத்தவர் வித்தியாசத்தை உணரத்தான் செய்வார். ஆனால் அது நாட்டின் வித்தியாசமா, விலையின் வித்தியாசமா? இலட்சக்கணக்கில் விற்கும் லென்ஸை மலேசியாவில் பூட்டினாலும் அதற்குரிய கண்ணாடியையும் சோதனையையும் கொடுத்தே ஆக வேண்டும். நிக்கோனைப் பாருங்கள். 1990 இல் தாய்லாந்தின் அயுத்தயாவில் தொழிற்சாலை தொடங்கியபோது ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். 2011 மார்ச்சில் நிலநடுக்கம் ஜப்பானின் சென்டாய் தொழிற்சாலையை நிறுத்தியது. அதே வருடம் ஒக்டோபரில் வெள்ளம் அயுத்தயா தொழிற்சாலையை மூழ்கடித்தது. அப்போதுதான் உலகின் எத்தனை கமராக் கடைகள் அந்தத் தாய்லாந்து ஊரை நம்பியிருந்தன என்பது தெரிந்தது. 2021 இல் வந்த நிக்கோனின் தலைசிறந்த கமராவான இஸட் 9 தாய்லாந்தில் செய்யப்படுவதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிக்மா என்ற ஜப்பானியக் கம்பனி தன் லென்ஸ்களை ஃபுகுஷிமா மாகாணத்து அய்ஸு பகுதியிலேயே செய்து வருகிறது. அங்கேயே பழகிய கைகள், அங்கேயே உள்ள சிறு பட்டறைகள். அதற்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்களே ஊரின் பெயரை நம்பி உட்காரவில்லை. 2012 இல் அறிவித்த புதிய வரிசையிலிருந்து, வெளியே போகும் ஒவ்வொரு லென்ஸையும் ஏ1 என்ற தமது கருவியில் வைத்து அளந்து பார்க்கிறார்கள்.

அளக்காமல் விட்டால் எந்த ஊரும் கைகொடுக்காது என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அதன் 2.4 மீற்றர் அகலமான ஆடியை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இத்துறையில் கைதேர்ந்த ஒரு கம்பனி தேய்த்தது. பணத்துக்குக் குறைவில்லை, ஆட்களுக்குக் குறைவில்லை. 1990 இல் விண்ணுக்கு அனுப்பிய பின்னர் பார்த்தால் படம் மங்கல்! ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரோன், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில், பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. காரணம், ஆடியை அளந்த கருவிக்குள்ளேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீற்றர் விலகியிருந்ததுதான். வேறு எளிய கருவிகள் பிழையைக் காட்டியும் இருந்தன. பெரிய கருவி சரியென்று சொல்கிறதே என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் வரை மூன்று வருடங்களுக்கு மேல் அந்தக் குறையோடுதான் அது இயங்கியது.

இனி, சகோதரியின் மேசைக்குத் திரும்புவோம்.

அந்த 50 மில்லிமீற்றர் லென்ஸ் முதலில் ஜப்பானில் செய்யப்பட்டு, பின்னரே சீனாவுக்கு மாறியது. வில்லைகளின் அமைப்பு ஒன்றேதான். அப்படியென்றால் ஜப்பான் பெயர் பொறித்ததே வயதில் மூத்தது. நமது நாட்டின் ஈரக் காற்றில் அது எத்தனை மழைக்காலம் அலுமாரியில் கிடந்ததோ! லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பதற்கு இதைவிட வசதியான நாடு கிடையாது. பூஞ்சணம் அடியில் எழுதியிருக்கும் நாட்டின் பெயரை வாசிப்பதில்லை.

ஆகவே கடைக்குத் திரும்பப் போங்கள். கமராவையும், முடிந்தால் அதை வைக்கும் முக்காலியையும் கொண்டு போங்கள். பத்திரிகைத் தாள்களைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கமராவை அதற்கு நேர் எதிரே வைத்து, லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து இரண்டு லென்ஸாலும் படம் எடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கு மூலைகளும் நடுவை விடச் சற்று மங்கலாக இருந்தால் அது இந்த வகை லென்ஸின் சுபாவம், பயப்பட வேண்டாம். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றை விட மோசமாக இருந்தால், கமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு முறை எடுங்கள். மீண்டும் அதே மூலை என்றால் அந்த லென்ஸை வைத்துவிடுங்கள், எந்த நாடாக இருந்தாலும் சரி. அடுத்து போனின் டோர்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்தால் உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சணம். இரண்டொரு தூசு பரவாயில்லை. துவாரத்தை மூடித் திறக்கும் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைக்காரர் முகம் சுளித்தால் தயங்க வேண்டாம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நீங்கள் அறிந்ததே. நனைந்ததை மேலே, ஜனங்கள் காணும்படி வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த வியாபாரிக்குக் கிடைத்த கண்டிப்பு. குறையைச் சொல்லி விற்பது அவர் கடமை. கையை விட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

இரண்டும் சமமாக வந்தால் நான் சீனாவில் செய்ததையே எடுப்பேன். ஜப்பானில் செய்தது மூலைக்கு மூலை தெளிவாகவும் உள்ளே சுத்தமாகவும் இருந்து, மற்றது தேறாவிட்டால் மட்டும் அந்த 12,000 ரூபாயைக் கொடுங்கள். அப்போது அது லென்ஸுக்குக் கொடுத்த காசு. மிச்சப்பட்டால் அதில் கொஞ்சத்துக்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். கலியாண வீட்டிலிருந்து வந்ததும் லென்ஸைத் தோல் பைக்குள் விட்டுவிடாமல் துடைத்து அந்தப் பெட்டியில் வையுங்கள். ஜெல் ஈரம் இழுத்து நிறம் மாறியதும் சூடு காட்டிக் காய வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். மாரி காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும்.